சீல் உடைக்காத சிடி

ஆபீசில் இன்று புது சிடியின் உறையைக் கிழித்தேன். அந்த பிளாஸ்டிக் வாசம் என்னை உத்திரமேரூர் கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே பாடம் நடத்திய சார், கடையில் வாங்கிவந்த டைப்பிங் சிடியைப் போட்டதும் எல்லா மெஷினும் படுத்துவிட்டன. வைரஸ் என்றார்கள்.

“சீல் வெச்ச சிடில எப்படி வரும்? காலனிப் பையன் ஃப்ளாப்பிலதான் வந்துகீது. நாளைலேருந்து வராத,” என்றார் சார் என்னிடம்.

கழனியிலிருந்து ஓடிவந்த நைனா, என் சட்டைக் கையைத் தூக்கி ஊசித் தழும்பைக் காட்டினார். “இவனுக்கு எல்லா ஊசியும் போட்டுகீது சார். ஒடம்புல ஒண்ணியும் இல்ல.”

“பெருசு, மெஷினுக்குப் போடு,” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

பிறகு, வைரஸ் அந்த சிடியிலேயே இருந்ததென்று கம்பெனி வேறு சிடி அனுப்பியது. சார் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.