ரிலீவர் வராத கொத்தளம்

கும்மிடிப்பூண்டியில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கோட்டையின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் யாராவது கிளம்பிப் போவார்கள்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். ஃபர்னஸ் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்தாலும் நகர முடியாது. அடுத்த ஆள், அதாவது ரிலீவர், பக்கத்தில் வந்து நின்று, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அவன் வருவதைக் கண்ணால் பார்த்தால் போதாது. சொல்ல வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. டீ ரிலீஃப் என்றால், "குடிச்சிட்டு வா" என்பார்கள். குடித்ததும் திரும்பிவிட வேண்டும். ஃபுல் ரிலீஃப் என்றால், "ஊட்டுக்குப் போ". டீ குடிக்கப் போனவன் அப்படியே வீட்டுக்கு ஓடிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தன் இடத்தில் இன்னொருவன் வெந்துகொண்டிருக்கிறான் என்பது போனவனுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் எனக்கு ரிலீவர் வரவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கும் வரவில்லை. நின்றேன். மறுநாள் வேலையை விட்டேன். அதன் பிறகு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. பகலிலும் வருவதில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கை ஹெலன் என்னை ராஜஸ்தானுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் புருஷன் ஸ்டீபனும் எங்கள் கம்பெனிதான். ஆனால் ஸ்டோர்ஸ். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவான். ஏப்ரலில் அங்கே கூட்டம் இருக்காது, ரூம் சல்லிசாகக் கிடைக்கும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். கூட்டம் ஏன் இருக்காது என்பது இறங்கிய பிறகு புரிந்தது. வெயில் கண்ணைப் பிடுங்கியது.

ஜெய்ப்பூர் அரண்மனையில் ஹெலன் ஜன்னலுக்கு ஒரு போட்டோ எடுத்தாள். ஜோத்பூர் கோட்டையில் பீரங்கி மேல் கையை வைத்துக்கொண்டு ஸ்டீபன் மீசையை முறுக்கினான். அவனுக்கு மீசை கிடையாது. ஜெய்சல்மேர் கோட்டை சாயங்கால வெயிலில், உருக்கிய இரும்பு ஆறும்போது வரும் நிறத்தில் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்ணா மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? ராஜா ஊட்டுக்கு வந்துகீறோம். கொஞ்சம் சிரியேன்," என்றாள் ஹெலன்.

"ராஜா எங்க? செத்துட்டான்."

"உடு ஹெலன். மச்சானுக்கு ஃபர்னஸ் ஏக்கம்," என்றான் ஸ்டீபன். "மணல்ல வுட்டா சரியாப்பூடும்."

டிரைவர் பெயர் பன்வர். பாலைவனத்துக்குள் ஒரு மணி நேரம் போனால் ஒரு பழைய கோட்டை இருக்கிறது, டிக்கெட் இல்லை, சூரியன் மறைவது நன்றாகத் தெரியும் என்றான். போனோம். கோட்டை அடிவாரத்தில் தகரம் போட்ட ஒரு டீக்கடை. ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். வேறு மனிதர்கள் இல்லை. ஹெலனுக்கு முழங்கால் வலி. கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டீபன் மணல்மேட்டை வீடியோ எடுக்கப் போனான். நான் மட்டும் ஏறினேன். மணி 5:50.

மேலே ஒரு கொத்தளம். அதன் மூலையில், பாலைவனத்தைப் பார்த்தபடி ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

வாட்ச்மேன் என்று நினைத்தேன். நின்ற விதம் அப்படி. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பிறகு மறுகாலுக்கு மாற்றி, மறுபடி முதல் காலுக்கு. அந்த நிற்பு எனக்குத் தெரியும். ரிலீவர் வராதவன் அப்படித்தான் நிற்பான்.

அந்த வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தான். கழுத்தில் மஃப்ளர். ஒரு துளி வேர்வை இல்லை. அவன் செருப்பு தெரியவில்லை. கணுக்கால் வரை மணல் மூடியிருந்தது. சுற்றிலும் மணல்தான். அதில் என் காலடி மட்டும் இருந்தது. அவனுடையது இல்லை.

இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவன் உதடு வெடித்திருந்ததுதான் கண்ணில் பட்டது.

கம்பெனியில் ஒடிசாக்காரர்களிடம் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் வரும்.

"ரிலீவர் வரவில்லையா?" என்றேன்.

"வரவில்லை."

"எவ்வளவு நேரமாக?"

நாக்கால் உதட்டை ஈரப்படுத்தப் பார்த்தான். நாக்கிலும் ஈரம் இல்லை.

வேலையை விட்டேன். என் வாய் இன்னும் விடவில்லை. யோசிக்காமல் சொன்னேன். "போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். கண் கலங்கியது. மணலிலிருந்து காலை உருவினான்... என்னைத் தாண்டிப் படி இறங்கிப் போனான். செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

மூலையில் நான் நின்றேன்.

சூரியன் மறைந்தது. நன்றாகத்தான் இருந்தது. 7:20க்கு, போகலாம் என்று காலை எடுத்தேன்.

எடுத்த கால் அதே இடத்தில் இறங்கியது.

மறுபடி எடுத்தேன். எட்டி வைத்தேன். குனிந்து பார்த்தேன். அதே இடம்.

ஓடினேன். மூச்சு வாங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கண்ணெதிரே இருந்த படி பக்கத்தில் வரவே இல்லை.

கத்தினேன். கீழே டீக்கடை விளக்கு தெரிந்தது. ஹெலன் எழுந்து மேலே பார்ப்பதும் தெரிந்தது. கை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"அண்ணா? எங்க கீற? ...அண்ணா?"

"ஹெலன், மேலதான் கீறேன். ஸ்டீபன அனுப்பு. கால் வரல."

"அண்ணா... வெறும் காத்து சத்தம்தான் வருது. பேசுண்ணா!"

கட் ஆனது. அதற்குப் பிறகு சிக்னல் இல்லை.

7:45. படியில் டார்ச் வெளிச்சம். ஸ்டீபன்.

"மச்சான்! ஓ சாலமோன் மச்சான்! வெளாட்டு போதும், வாயா!"

"மாப்ள, இங்க!"

அவன் நேராக என்னிடம் வந்தான். டார்ச்சை என் முகத்தில் அடித்தான். கண் கூசியது. அவன் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைத் தாண்டி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் சட்டையைப் பிடித்தேன். கையில் துணி பட்டது. அவனுக்குப் படவில்லை.

"உளுந்துட்டாரா..." என்று முனகினான். சுவரில் எட்டிக் கீழே பார்த்தான். பிறகு அழுதுகொண்டே இறங்கிப் போனான்.

கீழே ஹெலன் ஜெபம் பண்ணும் சத்தம் கேட்டது. "ஏசப்பா, எங்கண்ணன குட்துடு... எங்கண்ணன குட்துடு..."

காற்று அடித்தது. என் ஷூவைப் பார்த்தேன். லேஸ் தெரியவில்லை. மணல்.

தாகம் எடுத்தது.

சாதாரணத் தாகம் இல்லை. தொண்டைக்குள் யாரோ மணலைக் கொட்டுவது போல...

அப்போது புரிந்தது. அவன் வராவிட்டால் நான் இங்கேதான்.

அவன் ஏன் வர வேண்டும்? நான் என்றால் வருவேனா?

எட்டு மணி தாண்டியது. போன் அணைந்தது.

இருட்டு.

பாரத்தை ஒரு காலில் போட்டேன். பிறகு மறுகாலுக்கு மாற்றினேன்.

மறுபடி முதல் காலுக்கு...

சொட்.

சொட்... சொட்.

படியில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பக்கத்தில் வந்து நின்றான். தாடியெல்லாம் ஈரம். ஸ்வெட்டர் நனைந்திருந்தது.

"வந்துவிட்டேன்," என்றான்.

"ஏன் வந்தாய்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"குடித்துவிட்டு வரச் சொன்னாயே."

என்னை மெல்ல நகர்த்தினான். என் இடத்தில் நின்றான். என் கால் விடுபட்டது.

அவன் போகச் சொல்லவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு வார்த்தை வருமா என்று பார்த்தான். எனக்குத் தெரியும். பிப்ரவரியில் கம்பெனி கேட்டுக்குள் வந்த ஒவ்வொருவன் வாயையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஓடினேன்.

கீழே ஹெலன் என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஸ்டீபன் முதுகில் ஓர் அறை விட்டான்.

"எங்கய்யா போன? அந்த மூலைக்கே வந்து பாத்தேன்யா!"

டீக்கடைப் பெண் கையில் ஒரு மண்குடத்துடன் எங்கள் எதிரில் நின்றாள். குடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"மேலே யாரையாவது பார்த்தீர்களா?" என்றாள்.

பன்வர் அவளை அடக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. படபடவென்று பேசினாள். எனக்குப் புரிந்தது இதுதான். அவளும் புருஷனும் குஜராத்தில் இருந்து ஜெய்சல்மேர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். மூன்று வருஷம் முன்பு, ஜனவரியில். குளிர்காலம். அவன் குஜராத்தில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்தவன். இந்தக் கோட்டையில் ஏறினான். இறங்கவில்லை. போலீஸ் தேடிவிட்டுப் போய்விட்டது. அவள் போகவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்காமல் ஏறினானே என்று தினமும் கோட்டை வாசலில் ஒரு குடம் வைக்கிறாள். தினமும் மேலே ஏறி, அந்த மூலையில் நின்று கூப்பிடுகிறாள். ஒரு நாளும் பதில் வந்ததில்லை. குடத்துத் தண்ணீர் ஒரு நாளும் குறைந்ததில்லை.

இன்று காலி.

அவளிடம் சொல்லாமல் வந்திருக்கலாம். சொன்னேன். ஸ்வெட்டர், மஃப்ளர், வெடித்த உதடு, எல்லாம். அவள் அழவில்லை.

"அவரிடம் என்ன சொன்னீர்கள்? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்."

சொன்னேன். அவள் அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திரும்பி வா என்று ஏன் சொன்னீர்கள்?"

ஸ்டீபன் என்னை இழுத்து வண்டியில் ஏற்றினான்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். புதுவாயல் ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பன்வர் போன் செய்தான். குரல் சரியில்லை.

"அண்ணா, அந்த டீக்கடையில் இப்போது ஓர் ஆள் இருக்கிறான். நாற்பது டிகிரி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறான்."

"அந்தப் பெண்?"

"காணவில்லை. போலீஸ் மேலே ஏறித் தேடியது. யாரும் இல்லை. அவனைக் கேட்டால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்."

"என்ன சொல்கிறான்?"

"'அவள் என்னைத் தண்ணீர் குடிக்க அனுப்பவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.'"

எதிரே கம்பெனி பஸ் வந்து நின்றது. நைட் ஷிஃப்ட் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பன்வர் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

தினமும் சாயங்காலம் அந்த ஆள் கோட்டையின் முதல் படி வரை போகிறானாம். நின்று, மேலே பார்க்கிறானாம்.

இதுவரை ஏறவில்லை.