செத்த வேர் என்று கொண்டுபோன துண்டு

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் மரியநாயகி. எட்டு வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு இருபத்தாறு வயதில் தேயிலை ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடி கழுவும் வேலை கிடைத்தது. போகப்போக, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கச் சவர அலகால் வேரைத் தாள்போலச் சீவவும் பழகிக்கொண்டாள். அந்தக் கை வேறு யாருக்கும் வராது என்பார் ஆய்வாளர் றோலண்ட்.

எண்பத்தேழாம் வருஷ வறட்சியில் சோதனை நிலத்துத் தேயிலைச் செடிகள் நாற்பதும் இலை கொட்டிக் குச்சியாய் நின்றன. றோலண்ட் பல வருஷம் தேடித் தெரிந்தெடுத்த செடிகள்.

"நீ மலையில வேலை செஞ்சவ. சொல்லு, தேறுமா?" என்று கேட்டார்.

ஒரு கிளையை ஒடித்தாள். உள்ளேயும் காய்ந்திருந்தது. "செத்துப்போச்சுங்க ஐயா."

திங்கட்கிழமை காலை, றோலண்ட் சொன்னபடி கங்காணி மூக்கன் ஆட்களோடு வந்து செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

அன்றைக்குத்தான் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சாயத்தை றோலண்ட் பிரித்தார். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. உயிருள்ள கலத்துக்குள், அதாவது உயிரணுவுக்குள், போனால் மட்டும் அது உடைந்து, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். செத்த கலம் இருட்டாகவே கிடக்கும்.

"நல்ல வேர் ஒண்ணு, செத்த வேர் ஒண்ணு கொண்டு வா. ரெண்டையும் வச்சுப் பார்ப்போம்."

செத்த வேருக்கு அவள் எங்கேயும் அலையவில்லை. மூக்கன் அப்போதுதான் பிடுங்கிப்போட்ட முதல் செடியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். இரண்டையும் சீவி, சாயம் விட்டு, பத்து நிமிஷம் கழித்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள்.

நல்ல வேர் பச்சையாக ஒளிர்ந்தது. மற்றதை வைத்தாள். அதுவும் ஒளிர்ந்தது. கலம் கலமாக, அதே பச்சை.

சீவல் மாறிவிட்டதோ என்று பதறி இன்னொன்று சீவினாள். அதுவும் பச்சை. வேர்த்துண்டைக் கொதிநீரில் போட்டுச் சாகடித்துப் பார்த்தபோது மட்டும்தான் இருட்டு.

"ஐயா..." என்று கூப்பிட்டாள். "இது உசுரோட இருக்குங்க."

றோலண்ட் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை. அவர் ஒரு சொல் சொல்வதற்குள் அவள் வெளியே ஓடிவிட்டாள்.

"நிப்பாட்டுங்க! கங்காணி, நிப்பாட்டுங்க!"

ஓங்கிய இரும்பு அலவாங்கோடு மூக்கன் அப்படியே நின்றார். பதினேழு செடிகள் வேர் அறுந்து குவிந்து கிடந்தன. மரியநாயகி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த வேர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பதினேழையும் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

"மிச்சத்தைக் காப்பாத்தினது நீதானே" என்றான் புருஷன் அலோசியஸ்.

"செத்துப்போச்சுன்னு சொன்னதும் நாந்தானே" என்றாள்.

சித்திரை மழைக்கு, மிச்சமிருந்த இருபத்துமூன்றில் பத்தொன்பது செடிகள் துளிர்த்தன. மூக்கனே வந்து கூப்பிட்டும் இரண்டு நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தனியாகப் போய், ஒவ்வொரு துளிராகத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.