அப்பா அவுட்டு!

ரெண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. விழுப்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி குமார் அங்கே இல்லை. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு... அதாவது, மகள் இனியாவை வீடியோ காலில் பார்க்கும் நாள். ஷேவ் செய்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

இனியாவுக்கு மூன்றரை வயது.

"அப்பாவைப் பாரு குட்டி... இன்னா சாப்ட்ட?"

பார்த்தாள். சிரித்தாள். அதற்குள், நாங்கள் உட்கார்ந்திருந்த மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, தேடி ஓர் அணில் வந்துவிட்டது. போனை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அதன் பிறகு குமாருக்குத் தெரிந்ததெல்லாம் விழுப்புரத்து வானம்தான்.

நான் போனை எடுத்தேன்.

"என்னை மறந்துட்சுக்கா. வாராவாரம் பாத்துக்கினுதான இருக்கேன்... நின்னு ஒரு வார்த்தை பேசல. இனிமே பாப்பாவக் கூப்பிடாதீங்க. வுட்டுடுங்க."

அவள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தபோது ஊரை விட்டுக் கிளம்பியவன். தூக்கி வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை, ஒரு பார்வைகூடவா கிடைக்கக்கூடாது?

அவன் மனைவி ரேகாவுக்கு வேறு பயம். "ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது அண்ணி. புள்ளைக்கு ஏதாச்சும் கோளாறு இருக்குமா?"

திண்டிவனம் திரும்பியதும், எங்கள் தெருவில் இருக்கும் குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூணு வயசுல அணிலைப் பார்த்தா ஓடத்தாங்க செய்யும். அப்பா மேல பாசம் இல்லைன்னு அர்த்தமா?"

'அதை விடு, இதைப் பார்' என்று நம்மை இழுத்துப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியாம். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளருமாம். முழுசாக வளர்ந்து முடிய, கல்லூரிக் காலமே தாண்டிவிடுமாம்!

"கேள்வி கேக்க வேணாம்னு சொல்லுங்க. விளையாடச் சொல்லுங்க. அசையாம நிக்கிற விளையாட்டெல்லாம் இந்த வயசுக்கு நல்ல பழக்கம்."

குமாரிடம் சொன்னேன். அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டான்.

'ஸ்டேச்சு' என்று சொன்னதும் இருவரும் சிலையாகிவிட வேண்டும். முதலில் அசைகிறவர் அவுட். ஆரம்பத்தில், அவன் சொல்லி முடிப்பதற்குள் இனியா கெக்கெக்கே என்று சிரித்து அவுட்டாகிவிடுவாள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். வாரா வாரம் அந்தக் 'கொஞ்சம்' நீண்டது.

போன வெள்ளிக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். 'ஸ்டேச்சு' சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் குல்ஃபி வண்டியின் மணிச் சத்தம்!

இனியாவின் கால் விரல்கள் துடித்தன. போனில் அது தெரியாது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணை அகல விரித்து அப்பாவையே பார்த்தாள்.

எத்தனை காலமாக இந்தப் பார்வைக்குக் காத்திருந்தான்! குமாரும் அசையாமல் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்தன. கன்னத்தில் வழிந்ததும், தாங்க முடியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அப்பா அசைஞ்சிட்டாரு! அப்பா அவுட்டு!"

"ஆமா குட்டி... அப்பா அவுட்டு. இன்னொரு தபா ஆடலாமா?"

குல்ஃபி வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. இனியா போனை முகத்துக்கு நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

அடக்கிக்கொள்வது நெற்றிக்குப் பின்னால் வளர்கிறது, சரி... இந்த ஏக்கம் எங்கே வளர்கிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்க மறந்துவிட்டேன்.