நான் காட்டிய பிழையான குறி

அவர்களுடைய பயிற்சியை நாள் தவறாமல் வேடிக்கை பார்க்கப் போனேன் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. விடியமுதல் கடலுக்குப் போய் வந்து, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, துறைக்கு மேலே இருக்கிற தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்திவிடுவேன். அங்கிருந்து கடற்கரை முழுக்கத் தெரியும். அந்த வருடம் இராணுவத்தின் விசேட படைக்கு ஆள் தெரிவு செய்கிற பயிற்சியின் கடைசிப் பகுதி எங்கள் கரையில் நடந்தது. எட்டுப் பேர் ஒரு இறப்பர் படகைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் ஓடுவார்கள். பயிற்றுநர் விசில் ஊதினால் படகோடு கடலுக்குள் விழுவார்கள். மறுபடி ஊதினால் ஓடி வந்து மணலில் உருளுவார்கள்.

"மீனைப் பொரிக்க முதல் மாவுக்குள்ளை பிரட்டிற மாதிரிக் கிடக்குது" என்பார் கடைக்காரர். நான் தேத்தண்ணி புரையேறச் சிரிப்பேன்.

இவர்களுக்குப் போட்டியாக, கொஞ்சம் கிழக்கே முகாம் போட்டிருந்த கடற்படையின் விசேட படகுப் பிரிவு. இரண்டு பகுதிக்கும் ஆளையாள் சீண்டாவிட்டால் பொழுது போகாது. ஒருநாள் காலையில் பார்த்தால், இராணுவக் காம்பின் வாசலில் குழந்தைகள் நீந்தப் போட்டுக்கொள்கிற வாத்துத்தலை மிதவை ஒன்று தொங்குகிறது. கடற்படைப் பெடியளின் வேலை. அடுத்த நாள் இவர்கள் ஒரு சாக்கு மண் கட்டி அனுப்பினார்கள், தரை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளட்டுமாம். பயிற்சி முடிவில் இரு பகுதிக்கும் ஒரு படகோட்டப் போட்டி. தோற்றவர்கள் வென்றவர்களின் படகைத் தலையில் சுமந்து, பாட்டுப் பாடிக்கொண்டு துறை முழுக்கச் சுற்ற வேண்டும். கோயில் திருவிழாவில் பக்கத்துத் துறையோடு நாங்கள் கயிறிழுக்கும்போது வருகிற புழுகம், அந்தக் குதூகலம்தான் அதுவும். அந்தப் புழுகத்தில், அவர்கள் யார், நான் யார் என்பதுகூட எனக்கு மறந்து போயிருந்தது.

மறந்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டு வளவு அந்த இராணுவக் காம்புக்குள்தான் இருக்கிறது. சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது முட்கம்பி அடித்திருந்தது. உள்ளே என்னைப் பெற்ற ஐயா கல் உடைத்து வெட்டின கிணறு. கரையோரத்தில் நல்ல தண்ணீர் ஊறுவது அபூர்வம். அந்தக் காலத்தில் அரை ஊர் எங்கள் கிணற்றில்தான் குடிக்க அள்ளியது. இப்போது நாங்கள் குடியிருக்கிற காணியில் வாயில் வைக்க முடியாத உப்பு. தண்ணீர்ப் பவுசர் வண்டி வருகிற நாளில் என் மனைவி வாளிகளோடு வரிசையில் நிற்பாள்.

இராணுவப் பெடியன் ஒருவன் கடைக்கு வருவான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். சிங்களப் பெடியன்தான், ஆனால் சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடின ஊராம், அதனால் நல்லாகவே தமிழ் கதைப்பான். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஐயா, இந்தப் போட்டிதான் எங்களுக்குக் கடைசிச் சோதனை. முடிச்சால் தொப்பி போடுவாங்கள். அம்மா வாறா பார்க்க. வெள்ளைச் சாறி எல்லாம் வாங்கி வச்சிட்டா."

தூரத்தில் நிற்கிற கப்பலில் இருந்து படகை இறக்கி, துடுப்பு வலித்துக் கரைக்கு வர வேண்டும். எங்கள் கரைக்குக் குறுக்கே நெடுக முருகைக்கல் பார், பவளப்பாறைத் திட்டு, கிடக்கிறது. அதன் நடுவே வள்ளம் போய்வர வெட்டின ஒடுங்கின வழியை வான் என்போம். வானைக் கண்டுபிடிப்பதும் சோதனைதான், ஊர்ச்சனத்திடம் கேட்கலாம் என்று விட்டிருந்தார்கள். கடற்படைப் பெடியளுக்கு அது தெரியும். இவர்களுக்குத் தெரியாது. கடலில் இருந்து வரும்போது கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தாங்கியும் ஒன்றுக்கு நேரே ஒன்று வர வேண்டும். அந்த நேரைப் பிடித்து வந்தால் வான். அதுதான் குறி.

"எந்தக் குறி வச்சு வாறது, ஐயா?" என்று கேட்டான்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கடைக்காரர் அவனுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவன் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையைக் காட்டினான். "எங்கடை காம்புக்குள்ளை ஒரு கிணறு இருக்கு. தண்ணி இளநி மாதிரி. அதைக் குடிச்சால் வேறை தண்ணி இறங்காது."

எனக்கு நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. எங்கடை காம்பாம். உள்ளே இருக்கிறது என் ஐயாவின் கிணறு.

"கோபுரமும் போன் டவரும்" என்றேன். "ரெண்டும் நேருக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வா."

அந்த நேரில் பார் மட்டும்தான் இருக்கிறது. அவன் உள்ளங்கையில் பேனையால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டுப் போனான். சும்மா படகு தட்டும், தோற்பார்கள், கடற்படைக்காரரின் படகைச் சுமந்து பாடுவார்கள், நான் வாங்கில் இருந்து சிரிக்கலாம். அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த அறுபது வயது வரை அந்தப் பாரில் தொழில் செய்தவனுக்கு, அலை அடிக்கிற நேரம் அங்கே என்ன நடக்கும் என்று தெரியாதா?

போட்டி அன்று கரையில் பந்தல் போட்டிருந்தது. ஊர்ச்சனமும் நின்றது. இரண்டு படகும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. பிறகு இராணுவப் படகு முந்தியது. என்னிடம் குறி கேட்ட பெடியன் முன்னுக்கு இருந்து கையைக் காட்டிக் காட்டிப் படகைத் திருப்புவது தெரிந்தது.

"அண்ணை, உவங்கள் ஏன் உந்தப் பக்கத்தாலை போறாங்கள்?" என்றார் கடைக்காரர்.

நான் மடியில் சுருட்டைத் தேடினேன்.

அலை படகைத் தூக்கி ஒரு பக்கமாகப் பாரில் அறைந்தது. எட்டுப் பேரும் தண்ணீரில். கடற்படைப் படகு அந்த நேரம் வானுக்குள் புகுந்துவிட்டது. கரைக்கு வந்தால் வெற்றி. ஒரு மாதமாக வாத்து மிதவை கட்டிப் பகிடி விட்ட அந்தப் பெடியள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சொல் இல்லாமல் படகைத் திருப்பிக்கொண்டு பாரை நோக்கி வலித்தார்கள். இரண்டு பேர் குதித்தே விட்டார்கள். பாதுகாப்புக்கு நின்ற பெரிய இயந்திரப் படகு கல்லுக்குக் கிட்ட வர முடியாமல் தள்ளி நின்று சுற்றியது.

அவர்கள் திரும்பினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சுருட்டைப் பற்றவைக்கிற நேரமாவது இருக்கும். எனக்கு இன்றைக்கும் பெரிய வெட்கம் அந்த நேரம்தான்.

கடைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணை, உங்கடை வள்ளம்தான் அதுக்குள்ளாலை போகும். ஓடுங்கோ!"

போனேன். ஏழு பேரைக் கடற்படைப் பெடியள் ஏற்றிவிட்டார்கள். அவனுடைய கால் மட்டும் கல் இடுக்கில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் தலை தாழ்ந்து தாழ்ந்து எழும்பியது. என்னைக் கண்டதும், "ஐயா வந்திட்டார்" என்று மற்றவர்களுக்குத் தமிழில் கத்தினான். முதலில் குதித்த இருவரும் நானுமாகச் சேர்ந்து இழுத்து எடுத்தபோது குதிகாலுக்கு மேலே எலும்பு தெரிந்தது. வள்ளத்தில் கிடந்துகொண்டு அவன் உள்ளங்கையைப் பார்த்தான். பேனைக் கோடு கழுவுப்பட்டுப் போயிருந்தது.

"நான்தான் குறியைப் பிழையாப் பார்த்திட்டன் போல, ஐயா" என்றான்.

"பரவாயில்லை தம்பி" என்றேன். "எல்லாருக்கும் வாற பிழைதான்."

என்னுடைய பொய்க்கு நான் அவனை மன்னித்தேன்.

அடுத்த கிழமை பந்தலில் என்னைக் கூப்பிட்டு ஒரு கேடயம் தந்தார்கள். பெரிய அதிகாரி நல்லெண்ணம் பற்றிப் பேசினார். இரண்டு அணியும் எழும்பி நின்று கை தட்டின. சோதனையை மறுபடி செய்து முடித்த ஏழு பேரின் தலையில் புதுத் தொப்பி இருந்தது. என் மனைவி கேடயத்தைத் தொலைக்காட்சிக்கு மேலே வைத்து வெள்ளிக்கிழமைகளில் துடைக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

ஐந்து மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். சாதாரணச் சேட்டு, ஒரு காலை இழுத்து நடை. குதிகால் நரம்பு சரிவரவில்லையாம். தெற்கே ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுத மாற்றியிருக்கிறார்களாம், பின்னேர பஸ்ஸில் போகிறானாம். அம்மாவின் சாறியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பெரிய பிளாஸ்ரிக் கான் ஒன்றில் தண்ணீர் கொண்டு வந்திருந்தான். முற்றத்தில் வைத்துவிட்டு நிமிராமல் நின்றான்.

"கடை அண்ணை நேற்றுத்தான் சொன்னவர், அந்தக் கிணறு உங்கடை எண்டு. எனக்குத் தெரியாது, ஐயா. தெரிஞ்சிருந்தால் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன். குறை நினைக்காதேங்கோ."

"இஞ்சரப்பா, எங்கடை கிணத்துத் தண்ணியோ!" என்று மனைவி செம்பு எடுக்க ஓடினாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டவர் இல்லை, தாங்கி. நீ சரியாகத்தான் பார்த்தாய், நான்தான் மாற்றிச் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அவன் என்ன செய்வானோ என்ற பயம்கூட இல்லை. "ஐயா" என்று கூப்பிடுகிறதை விட்டுவிடுவானே என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சின்ன மனுசன் நான்.

மனைவி செம்பை நிரப்பி என் கையில் தந்தாள். அண்ணாந்து குடித்தேன். முப்பது வருடத்துக்கு மேல். நாக்கு அதை மறக்கவில்லை. கண் கலங்கியதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பான்.

"அதே தண்ணிதானே, ஐயா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"ஓம் தம்பி, அதே தண்ணிதான்" என்றேன்.

அவன் என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு கேள்வி. இதற்கு மட்டும்தான் நான் உண்மை சொன்னேன்.