பிளாஸ்ரிக் விரிப்பின் கீழ் இரண்டு செடிகள்

"ஒக்டோபர் 4, வெள்ளி. ரெண்டும் சுகம். மணி இன்னும் கண்ணாடி மாதிரித்தான் கிடக்கு. பால் ஏற ஒரு கிழமை வேணும். நாளைக்கு மழை இல்லையாம். நம்பாதே."

அண்ணை எனக்குக் கைபேசியில் அனுப்பிய செய்தி இது. அவர் சுகம் சொன்னது பிள்ளைகளுக்கல்ல, ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஆற்றைப் பார்த்த அவருடைய மூன்றாம் மாடிப் பல்கணியில் நின்ற இரண்டு கஞ்சாச் செடிகளுக்கு. மணி என்றது பூவில் ஊறும் பிசின் துளிகளை; அவை பால் நிறமானால்தான் பூ முற்றியது என்று கணக்கு. வீட்டில் மூன்று செடிவரை வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு வாங்கிய விதைகள். எலுமிச்சை மணம் வருகிற கலப்பினம்.

அந்த மணத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. கீமோ தொடங்கிய பிறகு அண்ணையின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மருத்துவர் எழுதித் தந்து மருந்துக்கடையில் எடுத்த கஞ்சாப் பூ மண்ணெண்ணெய் மணத்தது; மூக்கருகே கொண்டு போனதுமே சத்தி எடுத்தார். பல்கணியில் முதலில் நட்ட மூன்றில் சிறியது ஓகஸ்டிலேயே பூத்து ஒரு கைப்பிடி தந்தது. அதைக் காயவைத்து, வெண்ணெயில் காய்ச்சி, பாணில் தடவிச் சாப்பிட்டார். அன்று மாலை இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கி உண்டார். இரண்டாவது முறையும் கேட்டார். அது முடிந்த பிறகு மறுபடி எலும்பு தெரியத் தொடங்கியது. எஞ்சிய இரண்டும் முற்றுவதற்குள் அவர் உடம்பு தாங்குமா என்பதுதான் அந்த இலையுதிர்காலம் முழுக்க எங்கள் கவலை.

வுப்பர்டாலில் பூ முற்றுவது லேசான காரியமல்ல. செப்டெம்பரிலேயே குளிர் இறங்கிவிடும். காலையில் ஆற்றிலிருந்து ஏறும் ஈரம் பத்து மணிவரை கம்பியில் சொட்டும். இந்த இனத்தின் பூ இறுக்கமானது. உள்ளே போன ஈரம் வெளியே வராது, சாம்பல் நிறப் பூஞ்சையாக மாறும். அண்ணை காலையில் ஒவ்வொரு கிளையையும் பிடித்து மெல்ல உதறுவார். உள்பக்க இலைகளைக் கிள்ளிக் காற்றுக்கு வழி விடுவார். மேசை விசிறி ஒன்று இரவும் பகலும் செடிகளைப் பார்த்து ஓடும். வீட்டில் தன்னைவிட அந்த விசிறிக்குத்தான் வேலை அதிகம் என்பார்.

அண்ணி செடிகளுக்கு அருகே போக மாட்டார். சனிக்கிழமை கொலோனிலிருந்து மகளைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும் வெள்ளி மாலை தொடங்கினார். நான் அங்கே இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்த ரெண்டையும் வெட்டி எறியுங்கோ."

"இன்னும் முத்தேல்லை."

"கஞ்சா வீட்டில எவன் பொம்பிளை எடுப்பான்?"

"சட்டம் விட்டிருக்கு."

"சட்டம் விடும். சனம் விடுமோ? தம்பி, நீங்களாவது சொல்லுங்கோவன்."

கடைசியில் ஒரு நாளைக்கு மட்டும் மூடுவதென்று முடிவாயிற்று. மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு மேசைகளில் விரித்த தடித்த பிளாஸ்ரிக் விரிப்பை அண்ணி எடுத்து வந்தார். விசிறியை உள்ளே தூக்கினார். வெள்ளைக்காரர் எவரும் கவனிக்காத செடிகளைத் தமிழருக்கு மறைத்தோம்.

சனிக்கிழமை மழை பெய்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து உட்கார்ந்ததும் எலுமிச்சை மணத்துக்கு மூக்கைச் சுளித்தார்.

"என்ன, தேசிக்காய் வாசம் தூக்குது?"

"பல்கணி கழுவினனான் அக்கா," என்றார் அண்ணி.

"அந்தக் கழுவுற சாமானின்ர பேரை எனக்கும் சொல்லுங்கோ, நானும் வாங்க."

"அது கடையில கிடையாது அக்கா," என்று அண்ணை கதிரையிலிருந்து சிரித்தார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பு நின்றது.

மாப்பிள்ளையின் தகப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா மெலிஞ்சு போனியள் அண்ணை. அல்சர்தானோ?"

"இல்லை. கான்சர்."

அல்சர் என்றுதான் அண்ணி அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

"இவர் இப்பிடித்தான் எப்பவும் பகிடி," என்று அண்ணி பலமாகச் சிரித்தார். வந்தவர்கள் சிரித்தார்கள். மகள் தேநீர்த் தட்டோடு நின்று சிரித்தாள். கடைசியாக அண்ணையும் சிரித்தார். வேறு வழி இருக்கவில்லை.

ஞாயிறு விடியவே அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்: "விரிப்பை எடுத்தாச்சோ?" அண்ணி, "ஓம், எடுத்தாச்சு" என்றார்.

அடுத்த வெள்ளி வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் பல்கணிக்குப் போனார். விரிப்பு அப்படியே இருந்தது. அதன் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நான்தான் தூக்கினேன். பூக்கள் எல்லாம் சாம்பல் நிற மயிர் போர்த்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டபோது நடுத்தண்டு கூழாகக் கையோடு வந்தது. மணம் மட்டும் கெடவில்லை. பல்கணி முழுக்க எலுமிச்சை.

"நல்லதைக் கிள்ளி எடுப்பம்," என்றார் அண்ணை.

பூஞ்சை பட்ட எதுவும் அவர் உடம்புக்குள் போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மிச்சமில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப ஏனடா தூக்கிக் காட்டினனி?" என்றார்.

அண்ணி வாசலில் நின்று, "மறந்துபோனன்" என்றார். அண்ணை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டையும் அடியோடு வெட்டிக் குப்பைப் பைகளில் திணித்தேன். பையின் வாயைக் கட்டும்வரை அவர் முகர்ந்துகொண்டே நின்றார். அன்று இரவு அரைக் கரண்டி கஞ்சி குடித்தார், அதுவும் தங்கவில்லை.

கொலோன்காரர் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கான்சர் பகிடியல்ல என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நவம்பரில் அண்ணைக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்தார்கள். தை பிறக்க முன் போய்விட்டார். செடிகளை வெட்டிய நாளுக்குப் பின் வாயால் அவர் ஒருமுறைகூட ஒரு நேரச் சாப்பாடு முழுதாக உண்ணவில்லை.

அஞ்சலிக்கு வந்த, ஆற்றின் அக்கரையில் எதிர்வீட்டு ஜெர்மன் மூதாட்டி என்னிடம் ஒன்று சொன்னார். அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்த கிழமையின் திங்கட்கிழமை, மழை விட்டிருந்த நேரம், ஒரு பெண் பல்கணிக்கு வந்து விரிப்பை முழுதாக எடுத்தாராம். செடிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு மறுபடி மூடி, காற்றுப் போகாதபடி விளிம்பைச் சாடிகளுக்குக் கீழே செருகினாராம். தாயா மகளா என்று கேட்டேன். தலையில் துவாய் கட்டியிருந்ததால் தெரியவில்லை என்றார்.

அண்ணியிடம் கேட்டேன். "செத்த வீட்டில கேக்கிற கேள்வியே தம்பி?" என்றார். மகளிடம் கேட்டேன். "எனக்கு அண்டைக்கு வேலை சித்தப்பா," என்றாள். அன்று அவள் வேலைக்குப் போனாளா என்று நான் விசாரிக்கவில்லை. மூதாட்டிக்குக் கண் எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை விரிப்பை எடுத்து மறுபடி மூடியது யார், அப்படி யாராவது மூடினார்களா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.