நாற்பத்தோராம் மெஷினின் தாளம்

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காது என்றால்தான் தெரியும். தையல் மெஷின் மெக்கானிக், இருபத்தாறு வருட வேலை. எண்பது மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழ் இரைந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்றபடியே, "மூணாவது வரிசையில ஒண்ணுக்கு எண்ணெய் போகல" என்பார். போய்ப் பார்த்தால் போயிருக்காது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பிளப்பார்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நன்றாக ஓடும் மெஷின் அவர் காதில் விழவே விழாது. கெட்டுப்போனதுதான் கேட்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பாட்டு பிடிக்குமா என்றால், சுத்தமாகப் பிடிக்காது. தையல்கூடத்தில் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். பாட்டு ஓடினால் கையும் ஓடும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. காதைப் பொறுத்தவரை அது தொழிலுக்கு இடைஞ்சல். கல்யாணமான புதிதில் மனைவி பாடிக்கொண்டே வீடு பெருக்கியபோது, "உனக்குத் தொண்டையில என்ன?" என்று கேட்ட ஆள் அவர். அந்த அம்மாள் அதை இன்று வரை மறக்கவில்லை. அவரையும் மறக்க விட்டதில்லை.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் மகளின் ஹெட்போன் கெட்டுப்போனது. ஒரு பக்கம் கேட்கவில்லை. "அப்பா, இதக் கொஞ்சம் பாத்து வைங்களேன்" என்று மேசையில் போட்டுவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒயர் உள்ளே அறுந்திருந்தது. பற்றவைத்தார். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமே, மகளின் பழைய போனில் செருகி, கைக்கு அகப்பட்டதைத் தட்டிவிட்டார்.

பாட்டு இல்லை. குரலே இல்லை. மரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், விடாமல் ஒரே மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சேர்ந்தது, ஆனால் கூடவே வராமல் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. அவர் ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்தார். கழற்றி ஒயரைப் பார்த்தார், மறுபடி மாட்டினார். கோளாறு ஹெட்போனில் இல்லை. யாரோ வேண்டுமென்றே அப்படி வாசித்திருக்கிறார்கள். பிந்திய சத்தம் இன்னும் பிந்தியது, விலகியது, எங்கேயோ போனது. மூன்றாவதாக உலோகச் சத்தம் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தது. தப்பு எங்கே என்று தேடியபடியே பதினெட்டு நிமிடம் கேட்டார். கடைசியில், விலகிப் போன எல்லாம் சுற்றி வந்து ஒரே தட்டில் சேர்ந்தன. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

"இதுவா? யாரோ அனுப்பினாங்க. எனக்குத் தலவலிதான் வந்துச்சு" என்றாள் மகள் வந்ததும்.

"இது மாதிரி இன்னும் இருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து புருஷனின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றைச் சொன்னால் சிரிப்பு வரும். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் நடந்து போனார், கேட்க நேரம் வேண்டுமாம். டிவியை நிறுத்தினார். குழாய் சொட்டுவதைச் சரிசெய்யச் சொல்லி மனைவி பத்து நாள் நச்சரித்தும், வாளிக்கும் தரைக்கும் மாறி மாறி விழும் அந்தச் சொட்டைக் கேட்டுக்கொண்டு மணைபோட்டு உட்கார்ந்திருந்தார். "ஊரு மெஷினையெல்லாம் சரி பண்றாரு, வீட்டுக் குழாய்க்குச் சங்கீதம் கேக்குறாரு" என்று அந்த அம்மாள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை. ஒருநாள் அவள் முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நிறுத்தாத" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு. அவள் அன்றைக்குத் துணியை வேண்டுமென்றே மெதுவாக மடித்தாள்.

கம்பெனியில் மேனேஜரிடம் போய், பாட்டுச் சத்தத்தில் மெஷினின் கோளாறு பிடிபடவில்லை என்று சொல்லி, காலையில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்த வைத்தார். பெண்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரம் கூடத்தின் நடுவில் கைகட்டி நிற்பார். எண்பது மெஷின் எண்பது வேகத்தில் ஓடும். காலர் தைப்பது விட்டு விட்டு ஓடும், பக்கத் தையல் நீளமாக இழுக்கும், பொத்தான் வைப்பது நாலு தட்டு தட்டி நிற்கும். இருபத்தாறு வருடம் அவர் நோயை மட்டும் கேட்ட இடம். இப்போது முழுவதும் கேட்டது. கோளாறைக் கண்டுபிடிக்கவே நிற்கிறார் என்று மேனேஜர் நம்பினார். பாதி நாள் அது உண்மையும்கூட.

நாற்பத்தோராம் மெஷினில் காலர் தைத்தவள் அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் அவள் சின்னவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் காதுதான் அவளை இங்கே சேர்த்துவிட்டார். எட்டு வருடம். கூடத்தில் அவளைவிட நேராகக் காலர் தைக்க ஆள் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை, பாட்டு நின்றதும், அவருக்கு ஒரு புதுத் தட்டு கேட்டது. டக். கொஞ்சம் விட்டு மறுபடி டக். பொத்தான் மெஷினின் நாலு தட்டுக்கும் அடுத்த நாலுக்கும் இடையில், ஒரு மயிரிழை பிந்தி. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை. நாற்பத்தொன்று. எதனால் என்பதற்கு இன்னொரு நொடி. ஊசி கீழே இறங்கும்போது நூலைப் பிடித்துக் கொடுக்க அடியில் ஒரு கொக்கி சுற்றும். அதன் திருகு தளர்ந்தால் கொக்கி ஊசியை இடிக்கும். இடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஊசி முறியும். அரை மணி நேர வேலை. பையிலிருந்து திருப்புளியைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கூடம் முழுக்க ஒரு தடவை ஒரே தட்டில் சேர்ந்தது. அந்த டக் இல்லாமல் அது சேர்ந்திருக்காது. அவர் திருப்புளியைத் திரும்பப் பையில் வைத்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு என்றுதான் நினைத்தார். புதன்கிழமை சின்னவளே கூப்பிட்டாள்.

"மாமா, மெஷின் ஒரு மாதிரி தட்டுதே. கேக்கலையா உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. நீ ஓட்டு."

காது சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் ஓட்டினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஊசி உடைந்தது. ஒவ்வொரு மெஷினிலும் கண்ணுக்கு நேராகப் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு காலரின் முனையைப் பார்க்க முடியாது, அதனால் எல்லோரும் மேலே தூக்கி விட்டிருப்பார்கள். மேனேஜரும் கண்டும் காணாமல் இருப்பார். சின்னவள் கத்தவில்லை. இடது கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்தாள். அடுத்த மெஷின்காரிகள் எழுந்து ஓடினார்கள். காதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்தில் நின்றுபோன அந்த ஒரு தட்டை மட்டும் அவர் காது தேடிக்கொண்டிருந்தது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பின், கம்பெனியில் எப்போதும் செய்வதையே செய்தார்கள். சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பக்கத்தில் மெக்கானிக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காது பேனாவை எடுத்துக் காரணம் எழுதினார்: துணியை இழுத்துத் தைத்தது. இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டத்தில் அவர் எழுதி வந்தது அதுதான், பெரும்பாலும் உண்மையும் அதுதான். கை தானாக எழுதிவிட்டது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கை தானாக எழுதவில்லை. பயந்து எழுதியது.

கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான். மனைவி தங்கையோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினார். ஹெட்போனை மகளின் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். எதுவும் கேட்கப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம், சின்னவள் கம்பெனியில் அவருடைய மெக்கானிக் அறைக்கு வந்தாள். கண்ணில் பஞ்சுக் கட்டு. கையில் சுண்டுவிரல் அளவு சீசா.

"டாக்டர் குடுத்தாரு மாமா. இத அந்த நோட்டுல ஒட்டணுமாம். ஒட்டினாத்தான் என் விஷயத்தைப் பேசுவாங்களாம்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் துணிய இழுத்தேன்னு எழுதியிருக்காமே. மேனேஜர் சொன்னாரு. அப்போ மருந்துச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாதாம். மறைப்பத் தூக்கினதும் என் தப்பாம். நான் இழுத்தேனா மாமா? எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க எழுதினா இழுத்துத்தான் இருப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவரை உலுக்கிவிட்டது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சீசாவைத் திறந்து, நுனியை இடுக்கியால் எடுத்து, மற்ற மூன்று துண்டுக்கும் கீழே வைத்து டேப் ஒட்டினார். ஊசி முழுசாக இருந்தது. பிறகு காரணத்தை அடித்துவிட்டு மேலே எழுதினார்: கொக்கி தளர்ந்து ஊசியை இடித்தது. மூன்று நாள் முன்பே மெக்கானிக்குக்குத் தெரியும். சரிசெய்யவில்லை. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் ஒற்றைக் கண்ணால், முகத்தைச் சாய்த்து, மெதுவாகப் படித்தாள்.

"நான் கேட்டப்பவே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் மாமா?"

நூறு பொய் வாய் வரைக்கும் வந்தது. "சத்தம் நல்லா இருந்துச்சு" என்றார்.

அவள் எழுந்து போனாள். மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார், முதலில் நயமாக, பிறகு மிரட்டி. காது நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, பெண்கள் எல்லோரும் பார்க்க மேசைமேல் விரித்து வைத்தார். அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. சின்னவளுக்கு மருந்துச் செலவைக் கம்பெனி ஏற்றது, நூல் பிசிறு வெட்டும் இடத்தில் உட்காரவும் வைத்தது. காலர் இனி அவளால் தைக்க முடியாது.

வீட்டில் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பாடுவதையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் படியேறி வந்தாள். அக்காளைத் தாண்டி நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, அந்தப் பாட்ட எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"வேண்டாம்மா."

"என் கண்ணு எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியணும் மாமா."

அவர் அலமாரியிலிருந்து ஹெட்போனை எடுத்து வந்தார். கட்டு எடுத்த கண்ணின் மேல் படாமல் அவள் தலையில் மாட்டினார். அவள் பதினெட்டு நிமிடமும் கேட்டாள். அசையவில்லை. அக்காள் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். முடிந்தது. சின்னவள் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"இதுக்கா?" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஒரு கண்ணோடு படி இறங்க அவளுக்கு இன்னும் பழகவில்லை. ஒரு கால் வைத்து, அடுத்த காலால் துழாவி, கொஞ்சம் பிந்தி வைத்தாள். டக், விட்டு டக். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். அப்படியும் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது.