பூஜ்யத்துக்கு மேலே ஒரு நட்சத்திரக்குறி

அடிக்கோல் நகராமலிருக்க இடதுகைச் சுண்டுவிரல் அதன் நுனியை அழுத்திப் பிடித்திருந்தது. வலதுகை பென்சிலால் மேலிருந்து கீழே ஐந்து கோடுகள் இழுத்தது, குறுக்கே பதினொன்று. பிறகு பேனாவை எடுத்துக் கட்டங்களுக்குள் எண்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கியது. இங்கே ஓர் எண்ணை எழுதினால், மூல அறிக்கையில் அதே எண்ணின் பக்கத்தில் ஒரு புள்ளி. எழுதியது, புள்ளி. எழுதியது, புள்ளி. அவசரப்பட்டால் ஆறெல்லாம் பூஜ்யமாகிவிடும் என்று அந்தக் கைகளுக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும்.

கணினி இருக்கும்போது எதற்கு இந்தக் கைவேலை என்று கேட்காதவர்கள் இல்லை. "கண்ணால பாத்தா எண் வழுக்கிட்டுப் போயிடும். கையால எழுதினா நிக்கும்" என்பாள். பத்திரிகையில் அவள் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தவள். பள்ளிக்கூடத்தோடு அறிவியலை விட்டவள். அறிவியல் பக்கத்தைத் திருத்தித் திருத்தி, புரியாத சொற்களை ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் சேர்த்து, பேராசிரியர்களுக்கு போன் போட்டு அவர்கள் அலுத்துப்போகும்வரை கேட்டு, ஏழாவது வருடம் அந்தப் பக்கத்தையே எழுதுகிறவள் ஆனாள்.

எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து தமிழில் அறிவியல் எழுதும் நூறு பேர் சேர்ந்த இணையக் குழு ஒன்று உண்டு. அச்சுக்குப் போகும் முன் கட்டுரையை அங்கே போட வேண்டும். வேறொருவர் அதை வரி வரியாகச் சோதிப்பார். சோதிப்பவர் வணக்கம் சொல்லக்கூடாது, பாராட்டக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்பது குழுவின் வழக்கம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. வெட்டித் தள்ளும் ஒருவனுக்குக் கத்தரி என்று பெயர். அவளுக்கு அடிக்குறிப்பு அக்கா. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் எழுதியவர்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதிதாகச் சேர்ந்த முப்பது பேருக்கு அவள் பாடம் எடுக்க வேண்டும். அவளுடைய பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வரும் குழாய்க் கட்டுரைதான் பாடம். இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. ஊர் ஓரத்தில், பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறைக்குப் பின்னால், நாற்பத்தொரு வீடுகள் கொண்ட ஒரு தெரு. தண்ணீரில் காரீயம் கலந்துவிட்டது, குழந்தைகளுக்கு வயிற்றுவலி வருகிறது என்று தெருவே கொதித்துப்போயிருந்தது. சுகாதாரத் துறை பத்துக் குழாய்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. பத்திலும் பூஜ்யம். 'அந்தக் குழாயில் காரீயம் இல்லை' என்று அவள் நிதானமாக, ஆதாரத்தோடு எழுதினாள். பயம் அடங்கியது. வதந்தியை எண்ணால் அடக்குவது எப்படி என்பதற்குக் குழுவில் அதைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

சனிக்கிழமை மதியம் அந்த அட்டவணையைத்தான் புதியவர்களுக்காகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். பத்து பூஜ்யங்களையும் இறக்கியாயிற்று. இனி எல்லா அளவையும் ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். அது அவள் எப்போதும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். முதல் பக்கத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் காரீயம் எவ்வளவு இருக்கலாம் என்ற அனுமதி அளவு மில்லிகிராமில் இருந்தது. மைக்ரோகிராமுக்கு மாற்றினால் பத்து. காரீயம் என்ற தலைப்பின் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக்குறி. அது இரண்டாம் பக்கத்தின் அடிக்குறிப்புக்கு அனுப்பியது: சோதித்த கருவியால் பார்க்க முடிந்த மிகக் குறைந்த அளவு, ஐம்பது மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் பூஜ்யம் என்று குறிக்கப்பட்டுள்ளன.

பத்தையும் ஐம்பதையும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதிய கை அப்படியே நின்றது.

அடிக்குறிப்பின் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு 'சரி' குறி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவளே போட்டது. அவள் அதைப் படித்திருக்கிறாள். ஓர் எண் ஒரு பக்கத்தில் ஓர் அலகிலும், இன்னோர் எண் அடுத்த பக்கத்தில் வேறோர் அலகிலும் இருந்ததால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

பேருந்துப் பணிமனையில் நேரக் கணக்கராக இருக்கும் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"குழாய்க் கட்டுரைல தப்பு பண்ணிட்டேங்க."

அவர் சிரித்துவிட்டார். "நம்ம கல்யாணப் பத்திரிகைலயே மூணு தப்பு கண்டுபிடிச்சு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினவ நீ. அச்சகத்துக்காரர் கல்யாணத்துக்கே வரல. உங்கிட்டயா தப்பு?"

"மூட்டை எடை போடற தராசுல ஒரு ஊசிய வெச்சா என்ன காட்டும்?"

"ஒண்ணும் காட்டாது."

"பூஜ்யம் காட்டும். அதைப் பாத்துட்டு ஊசியே இல்லைன்னு எழுதிட்டேன்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அட்டவணையைப் பார்த்தார். எண்களோடு பிழைப்பவர், அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னும் அதே தண்ணிதானா குடிக்கறாங்க?"

"அப்ப லாரில தண்ணி வந்துட்டிருந்தது. நான் எழுதினப்புறம் அதை நிறுத்திட்டாங்க."

அவர் எழுந்து போய் உலை வைத்தார்.

சாயங்காலம் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளப்போவதில்லை என்று அர்த்தம்.

"தண்ணில காரீயம் இருக்குன்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லைன்னு ஆதாரம் இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னன்னு போடறதும்மா?"

"தெரியாதுன்னு போடணும் சார். தெரியாததை இல்லைன்னு எழுதிட்டோம்னு போடணும்."

"தெரியாதுங்கறது ஒரு செய்தியா? நல்ல கருவி இருக்கற இடத்துல சோதனைக்குக் குடுங்க. பத்து நாள்ல வந்துடும். தண்ணி சுத்தம்னு வந்துட்டா இந்த வம்பே இல்ல. உங்க பேரும் கெடாது, நம்ம பேரும் கெடாது. பத்து நாள்தானே, பொறுங்க."

பத்து நாள். போனை வைத்த பிறகு அந்தச் சொல் அவளுக்குள் இதமாக இறங்கியது. வெட்கமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. தண்ணீர் சுத்தமாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் அவள் எழுதியது தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் நின்றதாகிவிடும். யாருக்கும் தெரியவேண்டியதில்லை. நாளைப் பாடத்துக்கு வேறு கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். அட்டவணை எழுதிய தாளை நான்காக மடித்து அகராதிக்குள் வைத்தாள்.

ஞாயிறு காலை திரையில் முப்பது முகங்களும் வருவதற்கு முன்பே எழுத்தில் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், எங்கோ ஒரு சின்னப் பத்திரிகையில் இருப்பவன், உற்சாகமாக எழுதியிருந்தான்.

"அக்கா, உங்க குழாய்க் கட்டுரைய வெச்சுத்தான் நானே இந்த வேலைய கத்துக்கிட்டேன். இங்கயும் கிணத்துத் தண்ணில காரீயம்னு ஒரே பீதி. எட்டுக் கிணறும் பூஜ்யம். உங்க மாதிரியே வரிக்கு வரி எழுதினேன். ஜனங்க திரும்ப இறைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுதினாள்: "அறிக்கை கையில இருக்கா தம்பி? ரெண்டாம் பக்கம் பாரு. கருவியோட குறைந்தபட்ச அளவு எவ்வளவு போட்டிருக்கு?"

அவன் தேடிப் பார்த்து எழுதினான்:

"ஐம்பதுன்னு இருக்கு அக்கா. அது எதுக்கு?"

அகராதிக்குள் இருந்த தாளை எடுத்து, பிரித்து, கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். மடிப்பு தெரிந்தது. "இன்னிக்குப் பாடம் இதான்" என்று தொடங்கினாள். முடித்துவிட்டு முகங்களைப் பார்த்தாள். அந்தப் புதியவனின் சதுரம் மட்டும் திரையிலிருந்து காணாமல் போயிருந்தது. கிணற்றுக்கு ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவமானத்தில் அணைத்துவிட்டிருக்கவும் கூடும்.

மத்தியானத்துக்குள் திருத்தத்தை எழுதிக் குழுவில் போட்டாள். சோதிக்கக் கத்தரி முன்வந்தான். வழக்கப்படி வணக்கம் இல்லை. முதல் பத்தி முழுவதும் சிவப்பானது.

"இந்த நாலு வரில யாரைப் பத்தி பேசறீங்க?"

"வருத்தம் தெரிவிச்சிருக்கேன்."

"குழாயடில நிக்கறவங்களுக்கு அது எதுக்கு? குடிக்கலாமா வேண்டாமா, அது எத்தனாவது வரில வருது?"

"ஏழாவது."

"ஏன் ஏழாவது?"

அவள் ஏழாவதை முதலாவதாக்கினாள். அடுத்த கேள்வி வந்தது: "'கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க. எது கவனக்குறைவு? அடிக்குறிப்புக்குச் 'சரி' போட்டதா நீங்களே எழுதியிருக்கீங்க, இல்லையா?" அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'இரண்டு எண்களையும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை' என்று எழுதினாள். 'காய்ச்சிக் குடிக்கவும்' என்றொரு வரி இருந்தது. "காய்ச்சினா காரீயம் போகுமா?" போகாது. தண்ணீர்தான் சுண்டும். கை பழக்கத்தில் எழுதியது. அதையும் எடுத்தாள். ஒரு திருத்தத்துக்குள் இன்னொரு தப்பு. நாற்பத்தொரு வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும்.

கடைசியில் பதினொரு வரி மிஞ்சியது. கத்தரி வழக்கத்தை மீறி ஒரு வரி எழுதினான். "உங்க பேர அடிக்குறிப்பு அக்கான்னு வெச்சவன் நான்தான். மாத்தணுமா?"

"வேண்டாம். கூப்பிடும்போதெல்லாம் உறைக்கட்டும்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஆசிரியர் பதினொரு வரியையும் நின்றுகொண்டே படித்தார். அவள் விடியும் முன்பே, தெரு எழுவதற்குள், அந்தத் தெருக் கோடியிலிருந்து ஒரு புட்டித் தண்ணீர் பிடித்து, நல்ல கருவி உள்ள ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

"அதுக்குள்ள போட்டே ஆகணுமா?"

"பத்து நாளும் அதையேதான் சார் குடிப்பாங்க."

"உங்க பேரையாவது எடுத்துடலாம். ஆசிரியர் குழுன்னு போட்டுக்கலாம்."

"அன்னிக்கு என் பேரைப் பாத்துத்தான் குடிச்சாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாம் பக்கம்" என்றார். "திருத்தம்னு தலைப்பு வரும். அறிவியல் பக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு வேற யாராவது பாக்கட்டும். நீங்க மறுபடி பிழை திருத்தற மேஜைக்குப் போயிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க." அவள் தலையாட்டினாள். அந்த மேஜையின் இழுப்பறை எந்தப் பக்கம் சிக்கும் என்பது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

செவ்வாய்க்கிழமை தாளில் வருவதற்கு முன் தெருவுக்கு அவளே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அச்சுக்குப் போகும் பக்கத்தின் படியை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

குழாயடியில் தையற்காரம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு, நல்ல தண்ணீர் கேட்ட மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது அவள்தான். கட்டுரை வந்த பிறகு அந்த மனுவைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டதும் அவள்தான். குழாய்க்கு மேலே சுவரில், கண்ணாடித்தாள் ஒட்டிய பழைய செய்தித்தாள் துண்டு ஒன்று நான்கு ஆணிகளில் நின்றது. தூரத்திலிருந்தே தலைப்பு தெரிந்தது.

"அட, வாங்கம்மா. ரெண்டு வருஷத்துக்கப்புறம் இப்பதான் வழி தெரிஞ்சுதா?" தையற்காரம்மா குடத்தை விட்டு நகராமல் பேசினாள். "பாத்தீங்களா, உங்களத்தான் மாட்டி வெச்சிருக்கோம். புதுசா குடி வர்றவங்க பயப்படுவாங்க. படிச்சுப் பாருன்னு காட்டிடுவேன்."

"உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா. படிப்புதான் ஏற மாட்டேங்குது. சொன்னது அடுத்த நிமிஷம் மறந்துடறா. டீச்சர் சோம்பேறிங்கறாங்க, நான் விளையாட்டுப் புத்திங்கறேன்." குடம் வழிந்தது. குழாயை மூடினாள். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? கையில என்ன?"

காரீயம் குழந்தைகளின் நினைவையும் தொடும்; ஆனால் இதற்குக் காரணம் தண்ணீர்தானா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"நாளைக்குப் பேப்பர்ல வரப்போகுது. அதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும். அந்தக் குடத்த உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க."

தையற்காரம்மா அவளையும் குடத்தையும் பார்த்தாள். ஈரக் கைகளை இடுப்புத் துணியில் முன்னும் பின்னுமாகத் துடைத்தாள், அளவெடுக்கப் போகிறவள் துடைப்பதுபோல. பிறகு கையை நீட்டினாள். அவள் தாளை, எழுத்துகள் நேராக இருக்கும்படி திருப்பி, அந்தக் கையில் வைத்தாள்.